படகு நகரவில்லையா, பம்பைக் கழற்றாதீர்கள்: ஹைட்ராலிக் டிரைவில் கோளாறு தேடும் வழி

இன்ஜின் ஓடுகிறது. லிவரைத் தள்ளினால் சத்தமும் மாறுகிறது. படகு மட்டும் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் எல்லார் வாயிலும் முதலில் வருவது "பம்ப் போச்சு" என்பதுதான். இன்ஜின் ஒரு பம்பைச் சுற்ற, பம்ப் தள்ளும் ஆயில் ஒரு மோட்டார் வழியாக ப்ரொப்பல்லரைச் சுற்றும் ஏற்பாடுதான் ஹைட்ராலிக் டிரைவ்; அதில் விலை கூடிய பாகம் பம்ப்தான் என்பதால் பயமும் அங்கேயே போய் நிற்கிறது. ஆனால் போய்விட்டது என்று கழற்றி எடுத்து வந்து, நான் பிரித்துப் பார்த்த பம்புகளில் பல குறையே இல்லாதவை. கோளாறு ஒரு ஹோஸ் கிளாம்பிலோ, கழன்ற கேபிளிலோ, ப்ரொப்பல்லரில் சுற்றிய கயிற்றிலோ இருந்திருக்கும். அதனால் இங்கே பம்ப் கடைசியில்தான் வரும்.

முதலில் உங்கள் படகில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். டேங்கிலிருந்து ஆயிலை இழுக்கும் ஒரு தடித்த சக்ஷன் ஹோஸ் பம்புக்கு வந்து, பம்பிலிருந்து ஒரு வால்வு பிளாக்குக்குப் போய், அங்கிருந்து ப்ரொப்பல்லரைச் சுற்றும் ஹைட்ராலிக் மோட்டாருக்குப் போனால் அது திறந்த சுற்று. முன்னே, பின்னே என்று திசை மாற்றுவது அந்த வால்வு. பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே இரண்டு பிரஷர் ஹோஸ்கள் நேராக ஓடி, லிவரின் கேபிள் பம்பின் பக்கவாட்டில் இருக்கும், சின்ன நெம்புகோல் போன்ற கையில் மாட்டியிருந்தால் அது மூடிய சுற்று. இதில் பம்புக்குள்ளேயே இருக்கும் ஸ்வாஷ் பிளேட் என்ற தட்டு சாய்ந்து திசையையும் வேகத்தையும் மாற்றுகிறது. குறைந்த ஆயிலை ஈடுகட்ட சார்ஜ் பம்ப் என்று ஒரு குட்டி பம்பும் கூடவே ஓடும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயம் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பம்ப் தருவது ஓட்டம். பிரஷர் என்பது அந்த ஓட்டத்தைச் சுமை எதிர்ப்பதால் வருவது. எனவே ப்ரொப்பல்லர் மெதுவாகச் சுற்றும்போது கேஜில் பிரஷர் குறைவாக இருந்தால், ஆயில் வழியில் எங்கோ கசிந்து திரும்பிவிடுகிறது, அல்லது பம்புக்கே போதிய ஆயில் வரவில்லை. பிரஷர் ஏறிப்போய் ப்ரொப்பல்லர் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் ஹைட்ராலிக்கில் குறையில்லை, தண்ணீருக்குள் ஏதோ இழுத்துப் பிடிக்கிறது.

கை வைக்கும் முன்

ஹைட்ராலிக் ஹோஸில் ஊசித்துளை விழுந்தால் அதிலிருந்து வரும் ஆயில் கண்ணுக்கே தெரியாத கம்பிபோல் பாயும். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியது போல ஒரு புள்ளிதான் இருக்கும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. அதுதான் ஆபத்து. அது அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசரக் காயம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் விரலோ கையோ போகலாம். உடனே மருத்துவமனைக்குப் போய், பிரஷரில் ஆயில் உள்ளே ஏறிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள், கையால் தடவாதீர்கள்.

எந்த ஜாயின்டைக் கழற்றுவதானாலும் இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, லிவரை முன்னும் பின்னும் சில தடவை அசைத்து, ஆயில் ஆறும்வரை காத்திருங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம் ஆயிலுக்கு

டேங்கில் அளவு பாருங்கள். பிறகு ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ஆயிலை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்.

வெளிறிப்போய் மோர் மாதிரி இருந்தால் அவசரப்பட்டுத் தண்ணீர் என்று முடிவு கட்டாதீர்கள். காற்று கலந்தாலும் அப்படித்தான் தெரியும். பாட்டிலை அசைக்காமல் வைத்துவிட்டு கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். காற்றாக இருந்தால் குமிழிகள் மேலே ஏறி, அடியிலிருந்து தெளிந்துகொண்டே வரும். தண்ணீராக இருந்தால் அந்த வெண்மை அப்படியே நிற்கும். இன்னும் சந்தேகம் என்றால் ஒரு இரும்புத் தகட்டை நன்றாகச் சூடாக்கி அதில் ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் கலந்த ஆயில் கடுகு தாளிக்கிற மாதிரி படபடக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கறுத்துப்போய் தீய்ந்த வாடை அடித்தால் ஆயில் பல நாளாகச் சூடேறி ஓடியிருக்கிறது. வெள்ளைத் துணியில் ஊற்றும்போது பொடிப்பொடியாக மின்னினால் உள்ளே எதுவோ தேய்கிறது. அப்போது மட்டும் படகை மேலும் ஓட்டிப் பார்க்காதீர்கள், அந்தப் பொடி மோட்டாரையும் சேர்த்துத் தின்றுவிடும்.

முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை

மூடிய சுற்றாக இருந்தால் முதலில் பைபாஸ் வால்வைப் பாருங்கள். படகைக் கட்டி இழுக்கும்போது ப்ரொப்பல்லர் தன்னால் சுற்ற வழி விடுவதற்காக வைத்திருக்கும் சின்னத் திருகு அது. இழுத்து வந்தவர்கள் அதைத் திறந்துவிட்டு மூட மறந்துவிடுவார்கள். ஒருமுறை அரை நாள் முழுக்க ஒரு படகில் குனிந்து கிடந்தேன். ஃபில்டர் மாற்றினேன், கேபிளைச் சரிபார்த்தேன், சார்ஜ் பிரஷர்கூட அளந்தேன், எல்லாம் சரி. கடைசியில் டார்ச்சைக் கீழே வைக்க இடம் தேடியபோதுதான் பம்பின் அடியில் ஒரு திருகின் மரை இரண்டு சுற்று வெளியே நிற்பது தெரிந்தது. மற்ற இடமெல்லாம் தூசியும் பிசுக்கும், அந்த இரண்டு மரை மட்டும் பளபளவென்று. முந்தின வாரம் அந்தப் படகைக் கட்டி இழுத்து வந்தார்களாம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் "கடைசியாக இதை எப்படி இங்கே கொண்டுவந்தீர்கள்" என்பதுதான் என் முதல் கேள்வி.

பைபாஸ் மூடியிருந்தால், ஒருவரை லிவரை அசைக்கச் சொல்லிவிட்டு பம்பின் அல்லது வால்வின் பக்கம் கண்ணை வையுங்கள். அங்கே இருக்கும் கை முழுதாக அசைகிறதா? கேபிளின் அந்த முனையில் மாட்டியிருக்கும் பின் (pin) கழன்று விழுந்திருந்தால் மேலே லிவர் வழக்கம்போலத்தான் அசையும்.

அடுத்து இன்ஜினையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங். இன்ஜின் ஓடும்போது, தள்ளி நின்று, பம்பின் ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று பாருங்கள். ரப்பர் கப்ளிங் தேய்ந்தால் அதன் கூட்டுக்கு அடியில் கறுப்புப் பொடி குவிந்திருக்கும். மறுமுனையில், மோட்டாரின் ஷாஃப்ட் சுற்றியும் படகு நகரவில்லை என்றால் ப்ரொப்பல்லரை ஷாஃப்ட்டோடு பூட்டி வைக்கும் சாவி என்ற உலோகக் கட்டை வெட்டுப்பட்டிருக்கலாம், ரப்பர் ஹப் வழுக்கலாம். ப்ரொப்பல்லரே இல்லாமலும் இருக்கலாம். சிரிக்காதீர்கள், நடப்பதுதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அசைவில்லை என்றால், பிரஷர் எல்லை மீறும்போது திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வில் தூசி மாட்டித் திறந்தபடியே நிற்கக்கூடும். லிவரைத் தள்ளியதும் வால்வு பிளாக்கில் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல் கேட்கும், அந்த இடம் மட்டும் சீக்கிரம் சூடேறும். மூடிய சுற்றில் சார்ஜ் பிரஷரையும் பாருங்கள். பல பம்புகளில் அது 15 முதல் 25 பார் (பிரஷரின் அலகு) வரை இருக்கும், உங்கள் பம்பின் கணக்கு அதன் கையேட்டில் இருக்கும். அது விழுந்துவிட்டால் மெயின் சுற்று எதுவும் செய்யாது. சார்ஜ் பம்பே கெட்டுவிட்டது என்று சொல்வதற்கு முன் அதன் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்.

ஒரு திசையில் மட்டும் போகிறது

இது நல்ல சகுனம். இரண்டு திசைக்கும் பொதுவான பம்ப், கப்ளிங், ஆயில், ப்ரொப்பல்லர் எல்லாம் ஒரே அடியில் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடுகின்றன. மிச்சம் பெரும்பாலும் இரண்டுதான்: கேபிள் அந்தத் திசையில் முழுத் தூரம் இழுக்கவில்லை, அல்லது அந்தப் பக்கத்து ரிலீஃப் வால்வு சரியாக மூடவில்லை.

கேபிளைச் சோதிக்க அதை பம்பின் கையிலிருந்து கழற்றிவிட்டு, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பம்பின் அந்தக் கையை நீங்களே நகர்த்திப் பாருங்கள். படகை நன்றாகக் கட்டியிருக்க வேண்டும். ஒழுங்காகச் சுற்றினால் கேபிளின் நீளத்தைத் திருத்தினால் போதும்.

வால்வு என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது. பல மூடிய சுற்றுப் பம்புகளில் இரண்டு பக்கமும் ஒரே அளவுள்ள ஒரே மாதிரி ரிலீஃப் கார்ட்ரிட்ஜ்தான், அதாவது முழுதாகக் கழற்றி மாட்டக்கூடிய வால்வுதான் இருக்கும். இரண்டும் ஒரே பிரஷருக்கு வைத்தவைதானா என்று மேலே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, இடம் மாற்றிப் போடுங்கள். இதுவரை முன்னே போகாத படகு இப்போது பின்னே போக மறுத்தால் குற்றவாளி கையில் சிக்கிவிட்டது. கழுவிப் பாருங்கள், தேறாவிட்டால் அந்தக் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றுங்கள். பழைய நிலையே தொடர்ந்தால் குறை வேறிடத்தில்.

ரிலீஃப் வால்வின் திருகை மட்டும் கேஜ் இல்லாமல் இறுக்காதீர்கள். "இன்னும் அரைச் சுற்று" என்று இறுக்கி, ஹோஸ் வெடித்த படகை நான் பார்த்திருக்கிறேன்.

பம்ப் கத்துகிறது

ஹைட்ராலிக்கில் காதுக்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் இல்லை. ஒரே சீராக, உச்சஸ்தாயியில் ஊளையிடுகிற சத்தம் என்றால் பம்புக்குப் போதிய ஆயில் வரவில்லை, வெற்றிடத்தில் இழுத்துத் திணறுகிறது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி என்றால் பெரும்பாலும் ஆயிலோடு காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. டேங்கில் நுரை கட்டியிருந்தால் இரண்டாவதுதான்.

ஊளைக்குத் தேட வேண்டிய இடங்கள்: டேங்குக்குள் இருக்கும் சக்ஷன் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி), பாதி மூடிய சக்ஷன் வால்வு, டேங்கின் காற்றுத் துவாரம், சக்ஷன் ஹோஸ். காற்றுத் துவாரத்தைச் சோதிக்க மூடியைத் திறந்தாலே போதும். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, சத்தமும் குறைந்தால் விஷயம் முடிந்தது. சக்ஷன் ஹோஸ்தான் ஏமாற்றுக்காரன். வெளியே பார்க்கப் புதிது போல இருக்கும், உள்ளே ரப்பர் அடுக்கு பிய்ந்து, ஆயில் இழுபடும்போது நாக்கு மாதிரி வழியை அடைக்கும். இன்ஜின் ஓடும்போது டார்ச் அடித்துப் பாருங்கள், சில ஹோஸ்கள் கண்ணெதிரே ஒட்டிப்போவது தெரியும்.

குளிரில் முதல் சில நிமிடம் மட்டும் ஊளையிட்டு, சூடானதும் நின்றுவிட்டால் ஆயில் கெட்டியாக இருக்கிறது. தயாரிப்பாளர் 32 கிரேடு சொன்ன இடத்தில் யாரோ 68 ஊற்றியிருப்பார்கள்.

கூழாங்கல் சத்தத்துக்கு வருவோம். சக்ஷன் பக்கத்தில் காற்று புகும் ஓட்டையில் இன்ஜின் ஓடும்போது ஒரு சொட்டு ஆயில்கூட வெளியே வராது, அங்கே எல்லாம் உள்நோக்கித்தான் இழுபடும். அதனால் கசிவே இல்லையே என்று ஏமாந்துவிடுவோம். சக்ஷன் பக்கத்து ஒவ்வொரு ஜாயின்டையும் கிரீஸால் முழுதாகப் பூசிக்கொண்டே வாருங்கள், ஒவ்வொன்றையும் பூசியபின் ஒரு நிமிடம் காதைக் கொடுங்கள். எந்த ஜாயின்டில் பூசியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. பம்பின் ஷாஃப்ட் சீலும் காற்று இழுக்கும் இடம்தான், சுற்றும் ஷாஃப்ட் அருகே கை கொண்டுபோகாமல் இன்ஜினை நிறுத்திப் பூசுங்கள்.

இரண்டு சின்ன விஷயம். டேங்கில் ஆயில் குறைந்து ரிட்டர்ன் குழாயின் வாய் மேலே தெரிந்தால், அருவி மாதிரி கொட்டி அதுவே நுரை கிளப்பும். அடுத்தது, ஜாயின்டில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் பிசிறு போய் உட்காரும் இடம் ரிலீஃப் வால்வு.

ஆயில் கொதிக்கிறது

80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சீல்கள் கெட்டிப்படத் தொடங்கும், ஆயிலும் சீக்கிரம் கெடும். சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். நிமிடத்துக்கு 40 லிட்டர், 150 பார் என்றால் 40 ஐ 150 ஆல் பெருக்கி 600 ஆல் வகுக்க, 10 கிலோவாட். அதில் 12 லிட்டர் மட்டும் ரிலீஃப் வால்வு வழியாகவோ தேய்ந்த பாகம் வழியாகவோ வழிந்து திரும்பினால் 3 கிலோவாட் முழுக்கச் சூடாக மாறுகிறது. தண்ணீர் சுட வைக்கும் 1.5 கிலோவாட் ஹீட்டர் இரண்டை டேங்குக்குள் போட்டு ஓட்டுவதற்குச் சமம். எந்தக் கூலர் தாங்கும்?

முதலில், ஆயிலைத் தண்ணீரால் குளிர வைக்கும் அந்தக் கூலருக்குத் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வெளியே விழும் தண்ணீர் வழக்கத்தைவிட மெலிந்திருந்தால் தண்ணீர் ஸ்ட்ரெய்னரில் பாசியோ பிளாஸ்டிக் பையோ, அல்லது தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இம்பெல்லரின் இறக்கை உடைந்திருக்கும். உடைந்த இறக்கைத் துண்டு காணாமல் போயிருந்தால் தேடிக் கண்டுபிடியுங்கள். அது கூலரின் வாயிலேயே உட்கார்ந்திருக்கும்.

தண்ணீர் நன்றாக வந்தும் சூடு என்றால் தூர நின்று அளக்கும் வெப்பமானியைக் கொண்டு ஒவ்வொரு இடமாக அளந்து எழுதுங்கள்: பம்ப் உடல், மோட்டார் உடல், வால்வு பிளாக், ரிட்டர்ன் ஹோஸ், டேங்க். மற்ற எல்லாவற்றையும்விட ஒரு இடம் தனியாகச் சூடேறி நின்றால் அங்கேதான் ஆயில் இடுக்கு வழியே பிதுங்கிப் போகிறது. எல்லாமே சமமாகச் சூடு, கேஜில் பிரஷரும் அதிகம் என்றால் தண்ணீருக்குள் இறங்கிப் பாருங்கள். ப்ரொப்பல்லரில் ஒட்டிய சிப்பியும், ஷாஃப்ட்டில் சுற்றி உருகி இறுகிப்போன நைலான் கயிறும் போதும், ரிலீஃப் வால்வை நாள் முழுக்கத் திறந்தே வைக்க.

காலையில் நன்றாக ஓடி, மதியம் சோர்ந்துவிடுகிறது

சோரும்போது கூடவே சத்தமும் வந்தால் சக்ஷன் ஹோஸ் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்கிறது. சத்தமே இல்லாமல் சோர்ந்தால்தான் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் சூட்டில் மெலிய, தேய்ந்த இடுக்குகள் வழியே அதிகம் கசிகிறது.

பம்பா மோட்டாரா என்று பிரிக்க கேஸ் டிரெய்ன் ஹோஸ் உதவும். உட்கசிவை டேங்குக்குத் திருப்பிக் கொண்டுவரும் மெல்லிய ஹோஸ் அது. ஆயில் நன்றாகச் சூடான பின், படகைக் கட்டி, இன்ஜினை நிறுத்தி, மோட்டாரின் டிரெய்ன் ஹோஸை டேங்கில் கழற்றி அளவு போட்ட வாளிக்குள் விடுங்கள். டேங்கில் திறந்த வாயை மூட மறக்காதீர்கள். பிறகு லிவரைத் தள்ளி ஒரு நிமிடம் ஓட்டி, எவ்வளவு சேர்ந்தது என்று பாருங்கள். நல்ல பிஸ்டன் மோட்டாரில் மொத்த ஓட்டத்தில் சில விழுக்காடுதான் இப்படி வரும். வாளி குழாயடியில் வைத்த மாதிரி நிரம்பினால் விடை கிடைத்துவிட்டது. மூடிய சுற்று பம்பில் சார்ஜ் ஓட்டமும் அதே வழியாக வரும் என்பதால் அங்கே இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. கியர் பம்பில் பெரும்பாலும் டிரெய்னே இருக்காது.

நியூட்ரலில் ஊர்கிறது, லிவரைத் தள்ளினால் இன்ஜின் நின்றுவிடுகிறது

ஊர்வதற்கு, கேபிளைப் பம்பிலிருந்து கழற்றுங்கள். ஊர்வது நின்றால் கேபிள்தான். நிற்காவிட்டால் பம்பின் நியூட்ரல் திருகை, கையேடு சொல்லும் முறையில், நூலிழை நூலிழையாகத் திருத்துங்கள்.

இன்ஜின் நிற்பதற்கு ஹைட்ராலிக்கைத் திட்டும் முன் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், ப்ரொப்பல்லரில் கயிறு ஏதும் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயில் மோராகிவிட்டது

தண்ணீர் வர மூன்று வழி: கூலர், தண்ணீருக்கடியில் இருக்கும் மோட்டாரின் ஷாஃப்ட் சீல், சரியாக மூடாத டேங்க் மூடி. கூலர் குழாய் ஓட்டையானால் ஒரு விசித்திரம் நடக்கும். ஓடும்போது ஆயிலின் பிரஷர் தண்ணீரைவிட அதிகமாக இருந்தால் ஆயில் வெளியே போகும், வெளியே விழும் தண்ணீரில் வானவில் படலம் தெரியும். நிறுத்தியபின் தண்ணீர் உள்ளே வரும். எனவே ஆயில் குறைந்தும், வெளுத்தும் இருந்தால் முதலில் கூலரைக் கழற்றிக் காற்றுப் பிரஷர் கொடுத்துச் சோதியுங்கள்.

உப்புத் தண்ணீர் என்றால் நாள் கடத்தாதீர்கள். பேரிங் துருப்பிடிக்க அதிக நேரம் வேண்டியதில்லை. டேங்கை மட்டும் காலி செய்து புது ஆயில் ஊற்றினால் ஹோஸிலும் கூலரிலும் மோட்டாரிலும் நிற்கும் பழையது அதையும் வெளுக்கச் செய்துவிடும். ஊற்றி, ஓட்டி, வடித்து என்று இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஃபில்டரோடு.

கடைசியில் பம்ப்தான் என்றால்

ஆகட்டும், மாற்றுங்கள். ஆனால் பழைய பம்ப் உடைந்து போனதென்றால் அதன் துகள்கள் ஹோஸ், கூலர், டேங்க் அடி எல்லாவற்றிலும் படிந்திருக்கும். அவற்றைக் கழுவாமல் மாட்டினால் புதுப் பம்பும் அதே வழியில் போகும். கூலரின் உள்ளே கழுவ முடியாவிட்டால் கூலரையும் மாற்றுவதே மலிவு.

புதுப் பம்பை மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். மேல் டிரெய்ன் வாயைத் திறந்து அதன் உடல் நிரம்பும்வரை சுத்தமான ஆயிலை ஊற்றுங்கள், சக்ஷன் ஹோஸையும் நிரப்புங்கள். டீசல் வராமல் தடுத்துவிட்டு, நியூட்ரலில், ஸ்டார்ட்டரை மட்டும் சில விநாடி சில விநாடியாகச் சுற்றவிடுங்கள். சார்ஜ் கேஜ் அசைந்தபின் இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, டேங்கில் குமிழி அடங்கும்வரை லிவரைத் தொடாமல் காத்திருங்கள். அளவு இறங்கியிருக்கும். மேலே ஊற்றி, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. மறுபடி அளவைப் பாருங்கள். ஒரு சில மணி நேரம் ஓடியதும் அந்தப் புது ஃபில்டரையும் கழற்றி, வெட்டிப் பிரித்து, வெள்ளைத் துணியில் விரித்துப் பாருங்கள்.